மாமியாருக்கு முட்டி வலி, பையனுக்கு வளைவுல வாந்தி: எந்த எஸ்யூவி எடுக்கலாம்?

கேள்வி: அண்ணா, நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர். வீட்டுக்காரர் டீ ஃபேக்டரில வேலை. மாமியார் எங்ககூடதான் இருக்காங்க, 71 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், மாசம் ஒருக்கா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும். பொண்ணு எட்டாவது, பையன் ரெண்டாவது. அவனுக்கு அரவேணு தாண்டுறதுக்குள்ள வாந்தி ஆரம்பிச்சிடும். இப்ப பழைய ஆல்டோதான் ஓடுது. கிரெட்டா, கேரன்ஸ், ஸ்கார்பியோ-என் மூணும் பாத்து வச்சிருக்கோம். அவர் ஸ்கார்பியோதான்னு நிக்கறார், பொண்ணுக்கு பெரிய சன்ரூஃப் வேணுமாம், ஷோரூம்ல வென்டிலேட்டட் சீட் இல்லாம எடுக்காதீங்கங்கறாங்க. கம்ஃபர்ட் ஃபீச்சர்ல எதுக்கு காசு குடுக்கலாம், எத விடலாம்? சீட் கவர் போடலாமான்னும் சொல்லுங்க.

பதில்:

வணக்கம் டீச்சர். குன்னூர்ல ஒர்க் ஷாப் வச்சிருக்கறதால இந்த மாதிரி கேள்வி எனக்கு நிறைய வரும், ஆனா பெரும்பாலும் வண்டி ஓட்டறவர்தான் கேப்பார், ஓட்டறவருக்கு என்ன சௌகர்யம்னு. நீங்க பின்னாடி உக்கார்றவங்கள பத்தி கேட்டிருக்கீங்க. மலைல கம்ஃபர்ட்ங்கறது பின் சீட்டு சமாச்சாரம்தான், ஸ்டியரிங் புடிச்சிருக்கறவனுக்கு பெரும்பாலும் வாந்தி வராதுங்க, அடுத்த வளைவு எப்ப வருதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். அதனால உங்க வீட்டுல ரெண்டே ரெண்டு ஜட்ஜ்தான், மாமியாரோட முட்டியும் பையனோட வயிறும். மத்த எல்லாருக்கும் ஓட்டுரிமை கம்மின்னு வச்சுக்கலாம்.

முதல்ல முட்டி. ஆல்டோ தாழ்வான வண்டி, அதுல உக்கார்றது சுலபம், எந்திரிக்கறதுதான் உயிர் போகும். ஸ்கார்பியோ-என் அப்படியே தலைகீழ், அது லேடர் ஃபிரேம், அதாவது லாரி மாதிரி ஏணி வடிவ இரும்புச் சட்டம், அதுக்கு மேல கட்டின வண்டி, தரை உயரமா இருக்கும், இறங்கறத விட ஏர்றதுதான் பாடு. நல்ல உயரம் எதுன்னா ரெண்டுக்கும் நடுவுல. மாமியார ஷோரூமுக்கு கூட்டிட்டு போய் பின் கதவ திறந்து பக்கத்துல நிக்க வையுங்க. சீட்டு அவங்க இடுப்புக்கு கொஞ்சம் கீழ வந்து நிக்கணும். அப்படி இருந்தா முதுக வண்டி பக்கம் காட்டி அப்படியே உக்காந்து, ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பிக்கலாம், முட்டிய அதிகமா மடக்க வேண்டி வராது. ஒரு கால தூக்கி உள்ள வச்சு, கைப்புடிய புடிச்சு, உடம்ப இழுத்து ஏத்திக்கிற மாதிரி இருந்தா அந்த வண்டி உங்களுக்கு ஆகாது, அதுல எத்தன ஃபீச்சர் இருந்தாலும் சரி. சைடு ஸ்டெப் போட்டுக்கலாமேன்னு சொல்லுவாங்க, போடலாம்தான், ஆனா ஜூலை மழைல அது ஈரமா வழுக்கும், வயசானவங்க அதுல பாதி கால வச்சு நிக்கறத பாத்தா எனக்கே பக்குன்னு இருக்கும்.

இன்னொன்னு, இத ஷோரூம்ல யாரும் காட்ட மாட்டாங்க. கதவுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு படி மாதிரி இருக்கும்ல, அது எவ்வளவு அகலம்னு பாருங்க, கதவோட அடிப்பாகம் கீழ வரைக்கும் வந்து அந்த படிய மூடுதான்னும் பாருங்க. மூடலைன்னா மழைக்காலத்துல டயர் அடிக்கற சேறு பூரா அங்கதான் படியும், புடவை கட்டிட்டு இறங்கறவங்களுக்கு கொசுவம் பூரா சேறாயிடும், ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னுட்டு தொடச்சிட்டு இருக்கணும். அப்புறம் கதவு. நம்ம ஊர்ல சமதளமா வண்டி நிறுத்த எங்க இடம் இருக்கு, மார்க்கெட் பக்கமா இருந்தாலும் வீட்டு வாசலா இருந்தாலும் சரிவுதான். வண்டி மூக்கு மேட்ட பாத்து நின்னா கதவு தானா மூடிக்க பாக்கும், வண்டி பெருசா இருந்தா கதவோட எடையும் கூட, மாமியார் பாதி இறங்கும்போது முழங்கால்ல வந்து இடிக்கும். கதவ பாதி திறந்து விட்டா அந்த இடத்துலயே நிக்குதான்னு ஒரு மேட்டுல நிறுத்தி பாத்துடுங்க, டைல்ஸ் போட்ட ஷோரூம் தரைல பாத்தா எல்லா கதவும் நிக்கும்.

சரி, இப்ப பையன் வயிறு. கண்ணுக்கு வண்டிக்குள்ள இருக்கறது மட்டும் தெரியுது, அது அசையவே இல்லன்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு இல்ல இல்ல ஆடிட்டு இருக்கோம்னு சொல்லுது, இந்த சண்டைலதான் வாந்தி வருது. அதனால அவனுக்கு ரோடு தெரியணும். ரெண்டாவது படிக்கற குழந்தைய முன் சீட்ல வைக்கறது பாதுகாப்பு இல்ல, அங்க வேண்டாம். ரெண்டாவது வரிசைதான் சரி, அதுவும் பூஸ்டர் சீட் போட்டு. பூஸ்டர் பெல்ட்டுக்காகன்னுதான் எல்லாரும் நினைக்கறோம், பெல்ட் கழுத்துல படாம தோள்ல வரணும்ங்கறதுக்கு அது வேணும்தான், ஆனா பையன் கொஞ்சம் உயரமா உக்கார்றதால ஜன்னல் வழியாவும் முன் கண்ணாடி வழியாவும் ரோடு தெரியும், வாந்தி தானா குறையும். ஜன்னலோட கீழ் விளிம்பு பின்னாடி போகப்போக மேல ஏர்ற டிசைன் இப்ப ஃபேஷன், பாக்க ஸ்டைலா இருக்கும், உள்ள இருக்கற குழந்தைக்கு கதவு மட்டும்தான் தெரியும். பையன உக்கார வச்சு அவன் கண்ணு மட்டத்துக்கு நீங்க குனிஞ்சு பாருங்க, என்ன தெரியுதுன்னு.

மூணாவது வரிசைல அவன எந்த காரணத்துக்கும் உக்கார வைக்காதீங்க. அது பின் ஆக்ஸிலுக்கு மேலயோ பின்னாலயோ இருக்கும், ஒவ்வொரு வளைவுலயும் வால் வீசற மாதிரி வீசும், ஜன்னலும் சின்னது. உயரமான வண்டி வளைவுல சாயறதும் கூடுதல், ஸ்கார்பியோ-என் பழைய ஸ்கார்பியோ அளவுக்கு ஆடாது, நல்ல முன்னேற்றம்தான், ஆனா கிட்டத்தட்ட 1.86 மீட்டர் உயரம், கிரெட்டா 1.64 மீட்டர்தான், இந்த வித்தியாசம் மேட்டுப்பாளையம் ரோட்டுல முள்ளூர் தாண்டி வளைவு ஆரம்பிச்சதும் பின்னாடி இருக்கறவங்களுக்கு தெரிஞ்சிடும். உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்க கூடாது, தேயிலை தோட்டத்து மண் ரோட்டுல மூட்டை ஏத்திட்டு போகணும்னா நானே ஸ்கார்பியோதான் எடுங்கன்னு சொல்லுவேன். உங்க வேலை வேற.

வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே பாதி வாந்திய நிறுத்த ஒரு வழி இருக்கு. டேஷ்போர்டுல வைக்கற அந்த பெர்ஃப்யூம் பாட்டில எடுத்து தூக்கி போடுங்க. புது வண்டில ஏற்கனவே பிளாஸ்டிக் வாசனை தலைய சுத்தும், அதுக்கு மேல இந்த வாசனை வேறன்னா பெரியவங்களுக்கே பெரட்டும். அவர்கிட்ட இன்னொன்னும் சொல்லுங்க, பிரேக் வளைவுக்கு முன்னாடி, வளைவுக்குள்ள பிரேக்க மிதிக்க கூடாது. வளைவுக்குள்ள மிதிச்சா வண்டி முன்னாடி குனியும், பக்கவாட்டுலயும் சாயும், ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா வயிறு தாங்காது.

இப்ப ஷோரூம் லிஸ்ட்டுக்கு வருவோம்.

வென்டிலேட்டட் சீட் நல்ல ஐட்டம்தான், சீட்டுல இருக்கற பொடி ஓட்டைங்க வழியா ஃபேன் காத்த ஓட விட்டு முதுகு வேர்க்காம பாத்துக்கும். சென்னைல இருக்கறவங்களுக்கு வரம். உங்களுக்கு மேட்டுப்பாளையம் இறங்கினதுல இருந்து கோயம்புத்தூர் போற வரைக்கும் அது தேவைப்படும், மேல வந்துட்டா அந்த பட்டன யாரும் தொட மாட்டீங்க. அதுவும் இந்த மூணு வண்டிலயும் அது முன் சீட்டுக்கு மட்டும்தான், மாமியாருக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அதோட வர்ற லெதரெட், அதாவது செயற்கைத் தோல் சீட்ட பத்தியும் சொல்லணும். டிசம்பர் ஜனவரில விடிகாலைல வெளிய உறைபனி கெடக்கும்போது லெதரெட்ல உக்காந்து பாருங்க, முட்டி வலி இருக்கறவங்களுக்கு அது சொர்க்கம் இல்ல. துணி சீட்டு சீக்கிரம் சூடாகும், வளைவுல வழுக்காம புடிச்சும் வைக்கும். மேல் வேரியன்ட் எடுக்க எடுக்க துணி போய் லெதரெட் வந்துடுது, மலைக்காரங்களுக்கு இது ஒரு அநியாயம்.

மாமியாருக்கு உண்மையா வேண்டியது என்னன்னா கால்ல சூடு காத்து. ஹீட்டர் எல்லா வண்டிலயும் இருக்கு, இன்ஜின் தண்ணி சூட்டுலதான் அது வேலை செய்யுது, அதனால கிளம்பின உடனே வராது, கொஞ்ச தூரம் ஓடணும், டீசல் வண்டில இன்னும் கொஞ்சம் லேட்டாகும். ஆனா அந்த சூடு பின் சீட்டுக்கு போகுதாங்கறதுதான் கேள்வி. பின்னாடி ஏசி வென்ட் இருக்குன்னு காட்டுவாங்க, அது முகத்துக்கு அடிக்கறது, கேரன்ஸ்ல கூரைல இருந்தே வரும், வெயில்ல அது ரொம்ப அருமை. நீங்க குனிஞ்சு முன் சீட்டுக்கு அடில கைய விட்டு பாருங்க, அங்க ஒரு குழாய் வாய் மாதிரி இருந்தா கால்மாட்டுக்கு சூடு வரும். டெஸ்ட் டிரைவ்ல ஹீட்டர கால் பக்கமா வச்சு ஓட்ட சொல்லி பின்னாடி உக்காந்து செக் பண்ணுங்க, சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும்.

சன்ரூஃப். பொண்ணு மனசு கஷ்டப்படுத்த எனக்கும் இஷ்டம் இல்ல. ஆனா அந்த கண்ணாடிய சுத்தி ஒரு வாய்க்கால் இருக்கு, அதுல விழற தண்ணி நாலு மூலைலயும் இருக்கற மெல்லிய டியூப் வழியா கீழ இறங்கி வெளிய போகும். நம்ம ஊர்ல வண்டிய எங்க நிறுத்தினாலும் தலைக்கு மேல ஒரு சில்வர் ஓக் மரமோ யூகலிப்டஸோ இருக்கும், அந்த இலைத்தூள் எல்லாம் வாய்க்கால்ல சேந்து, மழை ஈரத்துல ஊறி, களி மாதிரி ஆகி டியூப அடைச்சிடும். அப்புறம் வடகிழக்கு மழை ரெண்டு நாள் விடாம பேஞ்சா கூரை துணில ஒரு பழுப்பு கறை வரும், சன்ரூஃப் லீக்காகுதுன்னு ஓடி வருவாங்க, ரப்பர்ல ஒரு குறையும் இருக்காது, டியூப்ல கம்பிய விடாம லேசா காத்தடிச்சா பச்சை சேறு கொட்டும். கூரைல பெரும்பகுதி கண்ணாடியா வர்ற பெரிய பானரமிக்னா வாய்க்காலும் பெருசு. வேணும்னா எடுங்க, வருஷம் ரெண்டு தடவ, மழைக்கு முன்னாடி, டியூப் சுத்தம் பண்ண சொல்லி கேளுங்க, அவ்வளவுதான். சன்ரூஃபுக்காக மட்டும் ஒரு வேரியன்ட் மேல போறதுன்னா எனக்கு சம்மதம் இல்ல. ஓடற வண்டில அதுல தலைய நீட்டி நிக்கறதும் கூடவே கூடாது, அத பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிடுங்க.

அந்த காச எங்க போடணும்னா கியர்பாக்ஸ்ல. இத யாரும் கம்ஃபர்ட் லிஸ்ட்ல சேக்கறதே இல்ல, ஆனா மலைல இதுதான் முதல் கம்ஃபர்ட். ஒவ்வொரு கொண்டை ஊசிலயும் கிளட்ச் மிதிச்சு கியர் மாத்தும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், அது பின் சீட்டுல ரெண்டு குலுக்கா போய் சேரும். கிரெட்டாலயும் கேரன்ஸ்லயும் 1.5 டீசல் இருக்கு, 116 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை விசை), அதோட 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்சுக்கு பதிலா ஆயில் வழியா சக்திய கடத்தற வகை. எனக்கு தெரிஞ்சு உங்க ரூட்டுக்கு இத விட பொருத்தமான கூட்டணி இல்ல. டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் எடுத்தீங்கன்னா, ஊட்டி உயரத்துல, அதாவது 2240 மீட்டர்ல, காத்தோட அடர்த்தி அஞ்சுல ஒரு பங்கு கம்மி, இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், 5 பேரோட ஏத்தத்துல கத்திட்டே ஏறும், சத்தமும் ஒரு அசௌகர்யம்தானே. டர்போ காத்த அமுக்கி உள்ள தள்றதால அந்த இழப்ப நிறைய சரிக்கட்டிடும். டர்போ பெட்ரோல்ல வர்ற டிசிடி, அதாவது ரெண்டு கிளட்ச் இருக்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஓட்டறதுக்கு ஜாலி, ஆனா மே மாச சீசன்ல மேட்டுல டிராஃபிக் நின்னு நின்னு நகரும்போது அதோட கிளட்ச் சூடேறும், பிரேக்க புடிக்காம ஆக்ஸிலரேட்டர்லயே வண்டிய மேட்டுல நிறுத்தி வைக்கற பழக்கம் இருந்தா கண்டிப்பா சூடேறும். எந்த ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும் கீழ இறங்கும்போது மேனுவல் மோடுல போட்டு ரெண்டாவது மூணாவது கியர்ல இறங்கணும். டி-ல போட்டு பிரேக்லயே குஞ்சப்பனை வரைக்கும் இறங்கினா பிரேக் வாசனை வரும், வாந்தி பையனுக்கு அது வேற.

டயர பத்தியும் ஒரு வார்த்தை. கிரெட்டால கீழ் வேரியன்ட்ல 16 இன்ச், மேல 17 இன்ச். சின்ன வீல்ல டயரோட ரப்பர் பக்கம் கொஞ்சம் தடிமனா இருக்கும், குழில விழுந்தா அதுதான் முதல் அடிய வாங்கிக்கும். பெரிய அலாய் கண்ணுக்கு அழகு, இடுப்புக்கு இல்ல.

பின் கண்ணாடில படியற பனிய சூடாக்கி போக்கற டீஃபாகரும் வைப்பரும் மட்டும் கண்டிப்பா வேணும், அது இல்லாத வேரியன்ட்ட திரும்பி கூட பாக்காதீங்க. மிஸ்டுல பின்னாடி ஒன்னுமே தெரியாம மேட்டுல ரிவர்ஸ் எடுக்கறது எவ்வளவு டென்ஷன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. முன் கண்ணாடி உள்பக்கம் பனி புடிச்சா துணியால தொடைக்காதீங்க, ஏசிய போட்டு, டெம்பரேச்சர சூடு பக்கம் திருப்பி, ரீசர்குலேஷன ஆஃப் பண்ணி வெளிக்காத்த விடுங்க. ஏசி ஈரத்த உறிஞ்சும், சூடு கண்ணாடிய காய வைக்கும், சீக்கிரமே தெளிஞ்சிடும். குளிருதேன்னு ரீசர்குலேஷன்ல வச்சிட்டு 5 பேர் மூச்சு விட்டுட்டு இருந்தா எந்த வண்டியானாலும் கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும். 360 கேமராவும் கிடைச்சா எடுத்துக்கோங்க, கோத்தகிரி பஜார்ல திரும்ப அது உதவும். ஃபாக் லேம்ப் இப்ப சில வண்டில எடுத்துட்டே வர்றாங்க, இருக்கான்னு கேட்டுக்கோங்க. ஆம்பியன்ட் லைட், போஸ் ஸ்பீக்கர் எல்லாம் உங்க இஷ்டம். ஏடாஸ், அதாவது பிரேக், ஸ்டியரிங்குக்கு தானா உதவற சிஸ்டம், சேலம் ஹைவேல நல்லா இருக்கும், மலை ரோட்டுல அதுல இருக்கற, வண்டி லேன விட்டு விலகாம பாத்துக்கற லேன் அசிஸ்ட் ஸ்டியரிங்க லேசா இழுக்கும், எரிச்சலா இருந்தா ஆஃப் பண்ணிக்கலாம்.

அப்ப எந்த வண்டி? கிரெட்டாவும் நல்ல வண்டி, ஓட்டறவங்களுக்கு அதுதான் சுகமா இருக்கும், சாமான் வைக்க 433 லிட்டர் டிக்கி. ஆனா பின்னாடி மாமியார், பொண்ணு, பையன் மூணு பேர் ஒரே பெஞ்ச்ல. ஒவ்வொரு வளைவுக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாயுவாங்க, நடுவுல இருக்கறவங்க ரெண்டு பக்கமும் சாயணும், அது பையனா இருந்தா முடிஞ்சது கதை. என் ஓட்டு கேரன்ஸ் டீசல் ஆட்டோமேட்டிக், ரெண்டாவது வரிசை கேப்டன் சீட் இருக்கற 6 சீட்டர். மாமியாருக்கு தனி சீட்டு, கைய வைக்க ஆர்ம்ரெஸ்ட், பக்கத்து சீட்ல பூஸ்டர்ல பையன், பொண்ணு மூணாவது வரிசை. ரெண்டாவது வரிசை சீட்டு ஒரு பட்டன தட்டினா முன்னாடி கவுந்து வழி விடும், அவ ஏறி இறங்க கஷ்டம் இல்ல, எட்டாவது படிக்கற பொண்ணுக்கு அந்த இடமும் போதும். மூணாவது வரிசைய போட்டா பின்னாடி 216 லிட்டர்தான் மிச்சம், ஆஸ்பத்திரி பை, துணிப்பை வைக்கலாம், பெரிய சூட்கேஸ் நிக்காது. கேரன்ஸ் எஸ்யூவியே இல்லைன்னு அவர் சொல்லுவார், பாதி வேன்தான், உண்மைதான். ஆனா சீட்டு உயரம் மாமியாருக்கு சரியா அமையும்னுதான் நினைக்கறேன், நேர்ல வச்சு பாத்து அவங்க சொன்னா போதும். டீசல் ஆட்டோமேட்டிக்கும் கேப்டன் சீட்டும் சேந்து கிடைக்குதா, கிடைச்சா எந்த வேரியன்ட்லன்னு புக்கிங்குக்கு முன்னாடியே கேளுங்க, இந்த காம்பினேஷன மாத்திட்டே இருப்பாங்க. மூணு வண்டியும் 4 மீட்டருக்கு மேலங்கறதால 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40 சதவீத ஜிஎஸ்டிதான், வரி காரணமா ஒன்ன விட்டு ஒன்ன எடுக்க வேண்டியதில்ல.

டெஸ்ட் டிரைவ ஷோரூம் வாசல்ல ஒரு ரவுண்டோட முடிக்க விடாதீங்க. வண்டிய மேல கொண்டு வர சொல்லுங்க, வாங்கற கஸ்டமருக்கு கொண்டு வருவாங்க. 5 பேரும் ஏறி கோத்தகிரில இருந்து குஞ்சப்பனை வரைக்கும் இறங்கி திரும்பி ஏறுங்க, பகல்லயே போயிட்டு வந்துடுங்க, பலாப்பழ சீசன்னா அந்த ரோட்டுல யானை நிக்கும். பையனுக்கு அன்னிக்கு லேசா இட்லி மாதிரி ஏதாவது குடுங்க, மாத்திரை குடுக்காதீங்க, மாத்திரை போட்டா வண்டிய பத்தி ஒன்னும் தெரியாது. போகும்போது நீங்க பின்னாடி உக்காருங்க, வரும்போது அவர் பின்னாடி உக்காரட்டும், ஸ்கார்பியோலயும் இதே மாதிரி ஒரு தடவ, அவரும் பின் சீட்டுல. அதுக்கப்புறம் நான் வாதாட வேண்டியிருக்காது.

சீட் கவர் கேட்டிருந்தீங்க. சைடு ஏர்பேக் சீட்டோட ஓரத்துல இருந்துதான் வெடிச்சு வெளிய வரும், அந்த தையல் மேல தடியா கவர் போட்டா அது நேரத்துக்கு வராது. வென்டிலேட்டட் சீட் வாங்கிட்டு மேல கவர் போடறவங்களும் இருக்காங்க, அவங்கள என்ன சொல்ல. கம்பெனி அந்த மாடலுக்கே ஏர்பேக் இடத்துல தனி தையலோட குடுக்கற கவர் இருந்தா போடலாம், இல்லைன்னா பையன் உக்கார்ற சீட்டுல மட்டும் ஒரு பழைய காட்டன் துண்ட விரிச்சு, கைக்கு எட்டற மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் கவரும் கதவு பாக்கெட்ல வச்சிடுங்க.